கசிகிறதா?

2024-ஆம் ஆண்டு ஆனி மாதம். மும்பையில் மழை பிடித்துச் சில நாள்கள் ஆகியிருந்தன. ஒரு நாள் காலை நான் எழுந்து வந்தபோது, அம்மா முன்னறையில் குனிந்து நின்று தரையை உற்று நோக்கிக்கொண்டிருந்தாள். தரையில் பழைய தினத்தாள்கள் விரித்திருந்தன. அவற்றின் மேல், ஓர் ஆள் படுத்துறங்கும் இடத்தை அடைத்துக்கொண்டு, நாலடி நீளமுள்ள இரும்பு உருப்படி ஒன்று கிடந்தது. முந்தின இரவு அப்பா கொண்டுவந்து போட்டது அது.

"ஏல, இங்க வந்து பாரு. இது ராத்திரி அழுதிருக்கு" என்றாள் அம்மா.

இடப்பக்கத்து ரப்பர் உறைக்கு நேர் கீழே, தினத்தாளில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குக் கறை ஒன்று படிந்திருந்தது. அந்தக் கறையைப் பற்றியதுதான் இந்தக் கட்டுரை. இதைவிடப் பெரிய பொருள்களைப் பற்றி இம்மலரில் மற்றவர்கள் எழுதிவிடுவார்கள் என்ற துணிவில்தான் நான் இதை எழுதுகிறேன்.

அந்த உருப்படிக்கு ஸ்டியரிங் ராக் என்று பெயர். கலைத்துறை நண்பர்களுக்காகச் சிறிது விளக்கம் சொல்ல வேண்டும். ஓட்டுபவர் சக்கரத்தைத் திருப்பும்போது, அதன் தண்டின் அடியிலுள்ள சிறு பற்சக்கரம், பல் வெட்டிய நீண்ட எஃகுத் தண்டு ஒன்றை இடமும் வலமுமாகத் தள்ளுகிறது. தண்டின் இரு முனைகளும் முன்சக்கரங்களைத் திருப்புகின்றன. இவ்வளவு மட்டும் இருந்தால் அது சாதாரண ஸ்டியரிங். அதே தண்டின் நடுவில் ஒரு பிஸ்டனைப் பொருத்தி, அதைச் சுற்றி ஒரு குழலை அமைத்து, என்ஜினால் ஓடும் பம்ப் ஒன்றிலிருந்து எண்ணெயை அழுத்தத்தோடு ஒரு பக்கமோ மறுபக்கமோ செலுத்தினால் அது பவர் ஸ்டியரிங். பள்ளியில் படித்த பாஸ்கல் விதிதான், வேறொன்றும் இல்லை. சக்கரங்களை முழுதும் ஒடித்துப் பிடிக்கும்போது எண்ணெயின் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு எண்பது கிலோ வரை ஏறும். நம் காரின் டயரில் இருக்கும் காற்றைப்போல் முப்பது மடங்குக்கும் மேல். பிஸ்டனின் பரப்பு எட்டுச் சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், 640 கிலோ விசை தண்டைத் தள்ளுகிறது. ஓட்டுபவர் விரலால் திருப்புகிறார். வேலையை எண்ணெய் செய்கிறது. பிரான்சிஸ் டேவிஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1926-இலேயே இதைச் செய்து காட்டியும், கடையில் விற்கும் காருக்கு இது வந்து சேர 1951 ஆயிற்று. நம் நாட்டு வாடகை வண்டிகளுக்கு வந்து சேர அதற்கும் மேல் பல்லாண்டுகள் ஆயின.

அப்பா திருநெல்வேலிச் சீமையிலிருந்து மும்பைக்கு வந்து முதலில் ஓட்டியது பிறர்க்குச் சொந்தமான பிரீமியர் பத்மினி டாக்ஸி. அதில் பவர் ஸ்டியரிங் கிடையாது. இந்நகரின் கறுப்பு மஞ்சள் டாக்ஸிகளில் அந்த வகை 2023 அக்டோபர் 30-ஆம் நாளோடு முற்றிலும் ஓய்வு பெற்றபோது, செய்தித்தாள்களில் எல்லோரும் உருகி உருகி எழுதினார்கள். அப்பா மட்டும் தம் வலத் தோளைத் தடவிக்கொண்டு, "எழுதினவன் எவனும் அதை ஓட்டியிருக்க மாட்டான்" என்றார். அந்தத் தோள் இன்றும் மழைக்காலத்தில் வலிக்கிறது.

இப்போது அவர் ஓட்டுவது ஏழு பேர் அமரும் சொந்த வண்டி. அந்த ஆண்டு வைகாசியிலிருந்தே அதன் ஸ்டியரிங் எண்ணெய் குறைந்துகொண்டு வந்தது. முதலில் வாரத்துக்கு ஒரு முறை ஊற்றினார். பிறகு நாளுக்கு ஒரு முறை. எண்ணெய் குறைந்தால் பம்ப் காற்றை உறிஞ்சிக்கொண்டு ஊளையிடும். ஸ்டியரிங் திடீரென்று கனத்துப் போகும். திருப்பவே முடியாமல் போய்விடாது என்பது உண்மை, பற்சக்கரம் எப்போதும் பிடித்துக்கொண்டுதான் இருக்கும். ஆனால் எட்டுப் பேர் எடையோடு கண்டாலா மலைவழியில் இறங்கும்போது, இலேசாக இருந்த சக்கரம் ஒரு வளைவின் நடுவில் பத்மினி ஆகிவிட்டால் என்ன ஆகும் என்பதை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

வண்டிகளைப் பழுது பார்க்கும் அண்ணாச்சி, ராக்கையே மாற்றவேண்டும் என்று சொல்லிவிட்டார். புதிது முப்பதாயிரத்துக்கு மேல். பழுது நீக்கியது பதினோராயிரம். புதிதாகவே வாங்கலாமே என்றேன். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அடுக்களையிலிருந்து அம்மாதான், "உனக்குக் கம்ப்யூட்டர் வாங்கின மாசத்துலதான அதுவும் கெட்டுப் போச்சு" என்றாள். அதற்குமேல் அந்த வீட்டில் ராக்கின் விலையைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை.

அப்பா போய் வாங்கியது கலீனாவில் நம் பல்கலைக்கழகத்தை ஒட்டிச் செல்லும் சி.எஸ்.டி. சாலையில். அந்த மூன்றெழுத்தை ரயில் நிலையத்தின் பெயர் என்று பலர் எண்ணியிருக்கிறார்கள். அது முன்னொரு காலத்தில் அவ்வழியே ஓடிய மத்திய சால்செட் டிராம்வேயின் பெயர். இன்று அங்கே டிராமும் இல்லை, தண்டவாளமும் இல்லை. குர்லா நோக்கிப் போகப்போக இருபுறமும் பிரித்துப் போட்ட கார்கள்தாம். கதவு ஒரு கடையில், கண்ணாடி ஒரு கடையில், என்ஜின் ஒரு கடையில். இரண்டாண்டாக அவற்றைக் கடந்து வகுப்புக்குப் போய் வந்தவன் நான். ஒரு கடையிலும் நுழைந்ததில்லை.

இனிக் கறைக்கு வருவோம்.

எழுந்து வந்த அப்பா கறையைப் பார்த்தார். "டெஸ்ட் பண்ணும்போது ஆயில் ஊத்தியிருப்பான். மிச்சம் வடிஞ்சிருக்கும்" என்றார். "கசியுதுப்பா. சீல் சரியில்லை" என்றேன் நான். இருவரும் உறுதியாகத்தான் பேசினோம். இருவருக்கும் ஒன்றும் தெரியாது என்பதே உண்மை. ரொக்கமாகக் கொடுத்த பதினோராயிரம் வீண்போகக் கூடாதே என்று அவருக்கு. சொன்னேனே, கேட்டீர்களா என்று சொல்லிக்காட்டும் ஆசை எனக்கு.

இதில் அவசரத்துக்கு இடமில்லாத காரணம் ஒன்று உண்டு. ராக்கை வண்டியில் மாட்டுவது முழுநாள் வேலை. வண்டியைத் தூக்கி, சக்கரங்களைக் கழற்றி, அடிச்சட்டத்தை இறக்கி, குழாய்களை அவிழ்த்து, பிறகு அத்தனையையும் திரும்பப் பூட்டி, வீல் அலைன்மென்டும் செய்யவேண்டும். மாட்டிய பிறகு கசிந்தால் அந்தக் கூலியெல்லாம் இரட்டிப்பு. மேலும் கடைக்காரர், "உன் மெக்கானிக் கெடுத்திருப்பான்" என்று ஒரே வார்த்தையில் கைகழுவிவிடலாம். ஆகவே மாட்டுவதற்கு முன்பே தெரிந்தாக வேண்டும். அண்ணாச்சியைத் தொலைபேசியில் கேட்டேன். "தம்பி, நான் மாட்டத்தான் செய்வேன். அதுக்குள்ள என்ன இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றார். நேர்மையான மனிதர்.

நான் முதுநிலை வேதியியல் மாணவன். என் கையில் இருந்த ஒரே ஆயுதம் வடிதாள். ஆய்வுக்கூடத்திலிருந்து பத்துத் தாள்கள் எடுத்துவந்தேன். எங்கள் துறைத்தலைவர் இம்மலரைப் படிப்பதில்லை என்று நம்புகிறேன்.

ராக்கின் இரு முனைகளிலும் துருத்திபோல் மடிப்பு மடிப்பான ரப்பர் உறை உண்டு. அதன் உள்முனையைத் தகட்டுப் பட்டையால் இறுக்கியிருப்பார்கள். அதை வெட்டினால் மறுபடி போட முடியாது, கேரண்டியும் போய்விடும். வெளிமுனையில் இருப்பது கம்பிக் கிளிப்தான். குறடால் அழுத்தினால் நழுவும். அவ்வழியே வடிதாள் துண்டை உள்ளே செலுத்தி, ஒரு சுற்றுச் சுற்றி எடுத்தேன். வலப்பக்கத் தாளில் கிரீஸ் மட்டும் ஒட்டியிருந்தது. சுற்றிலும் நிறமற்ற, ஒளி ஊடுருவும் ஈரம். இடப்பக்கத் தாளில் கிரீஸ் நடுவில் நிற்க, அதைத் தாண்டி அகன்றதொரு வட்டம் பரவியது. வட்டத்தின் விளிம்பு இளஞ்சிவப்பு.

பவர் ஸ்டியரிங்கில் எங்கள் வண்டி போன்ற பலவற்றுக்கு ஊற்றும் எண்ணெய்க்குச் சிவப்புச் சாயம் சேர்த்திருப்பார்கள். கசிந்தால் என்ஜின் எண்ணெயிலிருந்து வேறுபடுத்தி அறியவே அந்த நிறம். கிரீஸ் பிரிந்து வடியும் எண்ணெய் சிவப்பாகாது. ஆக, இடப்பக்க உறைக்குள் இருப்பது கிரீஸின் வியர்வை அன்று, அழுத்தக் குழலுக்குள் இருக்க வேண்டிய எண்ணெய். தாளை அப்பாவிடம் காட்டினேன். நெடுநேரம் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"உள்ள இருக்குங்கிறது சரி. இப்ப வருதா, முந்தி வந்ததான்னு தாள் சொல்லுமா?" என்றார்.

சொல்லாது. அந்தக் கேள்வியை நானே கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. சோதனைச்சாலையில் இப்படி ஒரு முடிவை எழுதியிருந்தால் எங்கள் பேராசிரியர் நோட்டைத் திருப்பி எறிந்திருப்பார்.

எனவே இரண்டாவது சோதனை. உறைக்குள் இருந்த ஈரத்தை உலர்ந்த துணியால் துடைத்தோம். பெட்ரோலில் கழுவலாம் என்று எண்ணினேன்; ரப்பர் சீல் ஊறிக் கெட்டுவிடும் என்று அண்ணாச்சி தடுத்தார். குழாய் வாய்களின் பிளாஸ்டிக் மூடிகளைத் திறந்து, மருந்துக்கடையில் வாங்கிய ஊசிக்குழலால் புது எண்ணெயை நிரப்பி மூடினோம். உறைக்குள் புது வடிதாள். அடியில் புதுத் தினத்தாள். அந்த நாளும் இரவும் யாரும் அதைத் தொடக்கூடாது என்று கட்டளையிட்டேன். அம்மா இரண்டு வேளையும் அதைத் தாண்டித் தாண்டியே பரிமாறினாள். அப்பா தமக்கு வந்த இரண்டு சவாரிகளைத் தெரிந்தவர்களுக்குத் தள்ளிவிட்டார்.

மறுநாள் காலை தாளை உருவினேன். வெள்ளை வெளேரென்று வந்தது. ஒரு புள்ளி சிவப்பில்லை.

எனக்கு மகிழ்ச்சிதான். என் கருத்துத் தோற்றாலும் என் முறை வென்றதல்லவா? "நீங்க சொன்னதுதான்ப்பா சரி. பழைய மிச்சம். மாட்டிரலாம்" என்று தீர்ப்பு வழங்கினேன். தம் கட்சி வென்றதற்கு அப்பா முகம் மலர்ந்திருக்க வேண்டும். மலரவில்லை. காப்பியைக் குடித்து முடிக்கும்வரை பேசாமல் இருந்தார். பிறகு, "நீ ஒரு நாள் பூரா அதைச் சும்மா போட்டுத்தான வச்சிருந்த?" என்றார்.

"ஆமா."

"நிக்கிற வண்டியில எல்லாரும் டிரைவர்தாம்ல" என்று சொல்லிக்கொண்டே எழுந்து சட்டையை மாட்டினார்.

எண்பது கிலோ அழுத்தத்தில் வேலை செய்யவேண்டிய ஒரு பொருளை, அழுத்தமே இல்லாமல் தரையில் கிடத்தி, கசியவில்லை என்று சான்றிதழ் கொடுத்திருக்கிறேன் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

சி.எஸ்.டி. சாலைக்கு நானும் போனேன். கடைக்காரர் வெண்தாடிப் பெரியவர். அப்பா அவரைச் சாச்சா என்று அழைத்தார். பேச்சு ஹிந்தியில் நடந்தது. பெரியவர் கேட்ட முதல் கேள்வி, "வண்டியில் மாட்டினாயா?" என்பதே. பதிலுக்குக் காத்திராமல், போல்ட் துளைகளைச் சுற்றியிருந்த புதுப் பெயிண்டை விரலால் தடவிப் பார்த்தார். கீறல் இல்லை. "மாட்டாத உருப்படிக்கு ஒரு பேச்சு, மாட்டியதற்கு நூறு பேச்சு. உட்கார்" என்றார். அப்பா அவரிடம் சண்டைக்கே ஆயத்தமாகப் போயிருந்தார் என்பது எனக்குத் தெரியும். டீ வந்தது.

கடையின் பின்புறம் ஓர் இரும்பு மேசை; அதில் மோட்டார், பம்ப், அழுத்தமானி. ராக்கை அதில் பூட்டினார்கள். பெரியவரே உறைகளைக் கழற்றச் சொல்லிவிட்டார். ஒரு பையன் கைப்பிடியால் பற்சக்கரத்தைத் திருப்ப, தண்டு இடமும் வலமும் போய் வந்தது. கால்வாசி, அரைவாசி, சீலைச் சுற்றி உலர்ந்தே இருந்தது. பையன், "டீக் ஹை" என்று மோட்டாரை அணைக்கப் போனான்.

"முழுசா ஒடிச்சுப் பிடி" என்றார் அப்பா.

பையன் பெரியவரைப் பார்த்தான். அவர் தலையசைத்தார். அழுத்தமானியின் முள் 60, 70 என்று ஏறி 80-ஐத் தொட்டது. இடப்பக்கச் சீலின் உதட்டில் ஒரு சிவப்புக் கோடு தோன்றியது; தலைமயிர் கனம்கூட இராது. அது தண்டைச் சுற்றி இறங்கி, அடியில் திரண்டு, ஒரு துளியாகித் தொங்கியது. விழுந்தது. மோட்டாரின் இரைச்சலில் சத்தம் கேட்டிருக்க முடியாது. எனக்கு மட்டும் கேட்டதுபோல் இருந்தது. அப்பா என் பக்கம் திரும்பவே இல்லை. அதற்காக அவருக்கு இன்றும் நன்றி சொல்கிறேன்.

தண்டைப் பிரித்து எடுத்தபோது காரணம் தெரிந்தது. சீல் புதியதுதான், அதன்மேல் குற்றமில்லை. குற்றம் தண்டில். முன்பு அது இருந்த வண்டியில் ரப்பர் உறை கிழிந்து, மழை நீர் உள்ளே புகுந்து, தண்டின் வெளிமுனையில் துருப் பிடித்திருக்கிறது. தேய்த்து மெருகேற்றியதில் துரு போயிற்று. ஊசி முனையளவு குழிகள் சில நின்றுவிட்டன. ஸ்டியரிங் நேராக இருக்கும்போது அந்த இடம் சீலுக்கு வெளியே இருக்கும். முழுதும் ஒடிக்கும்போது குழி உள்ளே இழுபட்டுச் சீலின் உதட்டுக்கு அடியில் வரும்; வந்த கணத்தில் எண்ணெய் அதன் வழியே தப்பும். முதல் நாள் அந்தப் பையன் ஏதோ ஒரு முறை முழுதும் ஒடித்திருக்கிறான், கவனிக்கவில்லை. எங்கள் தினத்தாளில் வந்து விழுந்தது அந்தத் துளியின் மிச்சம். ஆகவே, "மிச்சம்" என்று அப்பா சொன்னதும் சரி. "கசிகிறது" என்று நான் சொன்னதும் சரி. இரண்டும் சேர்ந்துதான் எங்களைச் சுற்றவிட்டன.

பெரியவர் தண்டின்மேல் கட்டைவிரல் நகத்தை ஓட்டிக் காட்டினார். கண்ணுக்கு ஒன்றும் தெரியாத இடத்தில் நகம் 'டிக்' என்று தட்டிற்று. "புதுச் சீல் போட்டுத் தருகிறேன் என்றால் வாங்காதே, இது அதையும் அறுத்துவிடும்" என்று தம் கடைச் சரக்கைப் பற்றித் தாமே சொன்னார். வேறு ராக் ஒன்றைக் கொண்டுவரச் சொல்லி, அதைப் பிரித்தே அப்பாவிடம் நீட்டினார். அப்பா கடைவாசல் வெளிச்சத்துக்கு அதைக் கொண்டுபோய், ஒரு முனை தொடங்கி மறுமுனை வரை, சுற்றிச் சுற்றி நகத்தை ஓட்டினார். கால் மணி நேரம் ஆகியிருக்கும். பிறகு என்னிடம் கொடுத்து, "நீயும் பாரு" என்றார். பார்த்தேன். எங்கும் தட்டவில்லை.

பூட்டிய பிறகு மூன்று முறை முழுதும் ஒடித்துப் பிடித்தார்கள். மூன்றாவது முறை பையன் தானாகவே வடிதாள் கேட்டான்.

மாட்டிய கதையை நீட்டத் தேவையில்லை. அண்ணாச்சி மறுநாள் காலை தொடங்கி விளக்கு வைக்கும்வரை செய்தார். பழைய எண்ணெய் முழுவதையும் குழாய்களிலிருந்தும் கிண்ணத்திலிருந்தும் வடித்துக் கழுவினார். அதில் கிடக்கும் தூள் புதுச் சீலைத் தின்றுவிடுமாம். முன்சக்கரங்களைத் தரையிலிருந்து தூக்கி, என்ஜினை ஓட்டாமலே பலமுறை இருபுறமும் ஒடித்து, குமிழி அடங்கும்வரை காற்றை வெளியேற்றினார். எல்லாம் சேர்த்து நான்கு நாள் சவாரி போயிற்று. அந்த நான்கு நாளும் அப்பாவின் தோளுக்கு ஓய்வு கிடைத்தது என்று அம்மா கணக்குச் சொன்னாள்.

அடுத்த வாரம் புனாவுக்கு ஒரு குடும்பத்தை ஏற்றிச் சென்று, மழையோடு மலைவழி இறங்கித் திரும்பினார். வண்டியை நிறுத்தியதும் கிழிந்த கோணிச் சாக்கைத் தரையில் விரித்து, அடியில் படுத்து, இடப்பக்க உறையில் தாளைச் செருகி எடுத்தார். அதை என்னிடம் காட்டாமல் சட்டைப்பையில் வைத்துக்கொண்டதால், சாப்பிடும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. கை கழுவி வந்த பிறகுதான் எடுத்து நீட்டினார். வெள்ளை.

"இந்தத் தாள் இன்னும் ரெண்டு இருக்கால?" என்று கேட்டார். "பக்கத்து வீட்டுக்காரன் வண்டியும் ஊளையிடுது."